கேமராக்காரப் பேராண்டிக்கு ஒரு தாத்தன் சொல்றது

வாடா பேராண்டி. சென்னை ரயில்ல இருந்து எறங்குன காலோட, கழுத்துல அந்தக் கறுப்புப் பொட்டியை மாட்டிக்கிட்டு, "தாத்தா, கொழுக்குமலைக்கு எப்பிடிப் போறது?"ன்னு கேக்குற. சொல்றேன், கேட்டுக்க. கொழுக்குமலை நம்ம தேனி மாவட்டத்துலதேன் இருக்கு. ஆனா வண்டியில போகணும்னா போடிமெட்டு ஏறிக் கேரளாவுக்குள்ள போய், சூரியநெல்லியில ஜீப்பு பிடிக்கணும். நடுச்சாமத்துல எந்திரிச்சு, கல்லும் குழியுமான எஸ்டேட் பாதையில இடுப்பெலும்பை எண்ணிக்கிட்டே போகணும். குளிர்ல பல்லு தந்தியடிக்க நின்னு, கிழக்க பொழுது கெளம்புறதை எடுக்கணும். உனக்கு முன்னாடியே அங்க ஒரு கூட்டம் நிக்கும். வாயைப் பொளந்துக்கிட்டு இருக்குற ஒரு பாறை உண்டு, அதுமேல ஏறி நிக்க வரிசை கட்டியிருப்பாய்ங்க. எல்லாருக்கும் ஒரே படந்தேன். மேல ஆரஞ்சு, நடுவுல வெள்ளை மஞ்சு, ஓரத்துல எவனோ ஒருத்தன் கையி.

அந்த வெள்ளை மஞ்சுக்கு அடியில என்ன இருக்குன்னு ஒருத்தனாவது கேட்டானா? நம்ம ஊருடா! ஜீப்புக்குக் காசு கொடுத்து மேல ஏறி, போடி கண்ணுக்குத் தெரியாம இருக்குறதைப் படம் எடுத்துக்கிட்டு வாராய்ங்க. மஞ்சு வெலகி வீடும் ரோடும் தெரிஞ்சா, "இன்னைக்கு வியூ சரியில்லை"ன்னு டிரைவர்கிட்டக் கோவிச்சுக்கிறாய்ங்க.

உனக்கு ஒரு சேதி தெரியுமா? நான் வாலிபத்துல ஸ்டுடியோவுல பிலிம் கழுவுனவன். பெறகு ஏலக்காய் ஸ்டோர்ல கணக்கு எழுதுனவன். இப்ப கிளை நூலகத்துல காத்தாடிக்குக் கீழ உக்காந்து ஓசியில படிக்கிறவன். பிரான்சு தேசத்துல நியெப்ஸுன்னு ஒரு ஆளு. 1826, 27 வாக்குல உலோகத் தகட்டுல ஒருமாதிரித் தாரைப் பூசி, கேமராவுக்குள்ள வச்சு, மணிக்கணக்கா வெளிச்சத்தைக் குடிக்க விட்டாரு. உலகத்துல கேமரா பிடிச்ச படத்துல இன்னைக்கு மிஞ்சியிருக்குற மொதப் படம் அதுதேன். என்ன படம்கிற? அவரு வீட்டு மாடிச் சன்னல்ல தெரிஞ்ச கூரையும் சுவரும். கிழக்குச் சுவத்துலயும் வெயிலு, மேற்குச் சுவத்துலயும் வெயிலு. அம்புட்டு நேரம் பிடிச்சதுனால பொழுது அங்கிட்டிருந்து இங்கிட்டுப் போயிருச்சு. அந்த மனுசன் எந்த மலைக்கும் போகலை, சன்னலைத்தேன் தொறந்தாரு. உங்க ஆத்தா வீட்டு மாடியிலயும் சன்னல் இருக்கு. செல்போன் சார்ஜரைத் தொங்கவிட மட்டுந்தேன் நீ அதைத் தொறக்குற.

சரி, நடுச்சாமத்துல எந்திரிக்கிறதா முடிவு பண்ணிட்டியில்ல? எந்திரி. ஆனா மலைக்குப் போகாத, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போ. விடியுறதுக்கு முன்னாடி அங்க ஜீப்பு நிக்கும். இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போற பொம்பளையாளுக, சீலைக்கு மேல ஆம்பளைச் சட்டையைப் போட்டு, தலையில துண்டைக் கட்டி, கையில தூக்குவாளியோட வந்து நிப்பாக. டீக்கடைப் பாய்லர் ஆவி விடும். ஜீப்பு ஹெட்லைட்டு ஒண்ணு எரியும், ஒண்ணு எரியாது. நீ தேடுற வெளிச்சம் அங்கதேன் இருக்கு. பிளாஷைப் போட்டுறாத! போட்டா வெளிச்சமும் போகும், மருவாதையும் போகும். டீக்கடைப் பலகையில முழங்கையை ஊனிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு வினாடியில முப்பதுல ஒரு பங்கு ஷட்டரைத் தொறந்தா, அசையாம நிக்கிற ஆளு மொகம் விழும், நடக்குற ஆளு காலு கலங்கும். கலங்கட்டும். ஜீப்புக்கு ஓடுற காலு கலங்காம வேற எப்பிடி இருக்கும்?

ஆனா மொத நாள் கேமராவை வீட்டுல வச்சுட்டுப் போ. டீயைக் குடி. "எந்தத் தோட்டம், யாரு ஜீப்பு"ன்னு பேச்சுக்கொடு. அக்கான்னு கூப்பிடு, "ஆன்ட்டி"ன்னா தூக்குவாளி மண்டையில விழும். ரெண்டாம் நாள் கேமராவோட போனா, "எதுல போடப் போற தம்பி?"ன்னு கேப்பாக. நீ இன்ஸ்டாகிராம்னு சொல்லுவ. "அதுல போட்டாக் கூலி கூடுமா?"ன்னு கேப்பாக. அதுக்கு மட்டும் இப்பவே ஒரு பதிலை யோசிச்சு வச்சுக்க. எனக்குத் தோணலை.

சினிமாக்காரங்க நம்ம மலைக்கு நெறைய வந்திருக்காய்ங்க. 2010ல வந்த ‘மைனா’ குரங்கணியில எடுத்தது. அதுக்குப் பெறகு குரங்கணிக்கு வந்தவன்ல பாதிப்பேரு படத்துல வந்த வீட்டைத் தேடுனவன்தேன். 2018ல லெனின் பாரதி எடுத்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைப் பாத்தியா? தேனி ஈஸ்வர் கேமரா. மலையில மூட்டை சொமக்குறவன் கதை. அதைப் பாத்துட்டு, "ஆகா, என்னா லொகேஷன்!"னு சொன்ன ஆளை நானே பாத்திருக்கேன். மூட்டைக்கு அடியில ஒரு ஆளு இருந்தது அவருக்குக் கண்ணுல படலை. அப்பிடிச் சொன்னவரு கொடுத்துவச்சவரு, கொழுக்குமலைக்குப் போகட்டும்.

இனி உச்சிப் பொழுதுக்கு வருவோம். உங்க கேமரா கிளாஸ்ல என்ன சொல்லியிருப்பாய்ங்க? காலை பத்துல இருந்து மத்தியானம் நாலு வரைக்கும் வெளிச்சம் சரியிருக்காது, படுத்துத் தூங்குன்னு. கோடையில போடிக்காரனும் படுத்துத்தேன் கெடப்பான். நீ மட்டும் எந்திரிச்சு வா. சித்திரை பொறந்து மூணு நாலு நாள்ல, நம்ம ஊரு 10 டிகிரி அட்சரேகையில இருக்குறதுனால, பொழுது நேரா உச்சந்தலைக்கு மேல வந்து நிக்கும். 12 மணிக்கில்ல, 12.20 வாக்குல. இந்தியாவுக்குக் கடிகாரம் அலகாபாத் பக்கத்துப் பொழுதை வச்சு ஓடுது. நாம மேக்க தள்ளி மலையடிவாரத்துல கெடக்குறவுக, நமக்கு இருவது நிமிசம் பிந்தித்தேன் வரும். அந்த நேரத்துல வெளக்குக் கம்பத்துக்கு நெழலு கிடையாது. நிறுத்தியிருக்குற சைக்கிளுக்கு அடியில ஒத்தைக் கோடு. நடந்து போறவன் தன் நெழலைத் தானே மிதிச்சுக்கிட்டுப் போவான். இதைப் பாக்கத் தில்லிக்காரன் போடிக்குத்தேன் வரணும். அங்க வருசம் முழுக்கக் காத்துக்கெடந்தாலும் பொழுது நேரா உச்சந்தலைக்கு வராது. அடுத்தாப்புல ஆகஸ்ட் கடைசியில ஒருக்கா வரும், அப்ப மேகம் விடாது. மொட்டை மாடியில நின்னு தெருவை நேரா கீழ பாத்து எடு. மனுசன் தலையா மட்டுந்தேன் தெரிவான். மத்தியானம் ஆகாதுன்னு சொன்ன வாத்தியாருக்கு அதை அனுப்பி வையி.

வெயிலு ஏலக்காய்க்கே ஆகாதுடா. பச்சைக் காயை வெயில்ல காயப்போட்டா நெறம் வெளுத்துரும். பச்சை நிக்கணும்னுதேன் ஸ்டோர்ல மூடுன அறைக்குள்ள அனலை விட்டு ராவெல்லாம் காய வைக்கிறது. மர நெழல்ல வெளைஞ்சு, இருட்டுல காஞ்சு, சாக்குக்குள்ளயே மலை எறங்கி வர்ற சரக்கு அது. அதை நம்பி ஒரு ஊரே வெயில்ல நிக்குது, பாத்துக்க. ஸ்பைசஸ் போர்டு ஏலம் இங்கயும் கேரளாவுல புத்தடியிலயும் நடக்குது. இப்ப கூவி ஏலம் விடுறதெல்லாம் கிடையாது, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பொத்தானை அமுக்குறதுதேன். படத்துக்கு அதுல ஒண்ணுமில்லைன்னு திரும்பி வந்துறாத. மாதிரிக்கு வச்ச காயை உள்ளங்கையில கொட்டி உருட்டிப் பாக்குறான் பாரு, அந்தக் கையை எடு. விலை விழுந்த அன்னைக்கு மொகத்தை எடுக்காத, வம்பு. காய் தரம் பிரிக்கிற கிட்டங்கியில பொம்பளையாளுக வரிசையா உக்காந்திருப்பாக. 8 மில்லிக்கு மேல உருண்டை தனி, சின்னது தனி, வெடிச்சது தனி. கண்ணு காயிலதேன் இருக்கும், வாயி ஊர்க்கதையில. முதலாளிகிட்டயும் கேளு, அவுககிட்டயும் கேளு. முதலாளி சரின்னாலே எல்லாரும் சரின்னதா நெனைக்காத.

வெளிச்சத்தோட மல்லுக்கட்டுன இன்னொரு ஆளையும் சொல்லிர்றேன். லின்னேயஸ் டிரைப்புன்னு ஒரு வெள்ளைக்கார கேப்டன். மதராஸ் சர்க்காருக்குப் போட்டோ எடுக்குற உத்தியோகம். 1858ல மதுரைக்கு வந்து மீனாட்சி கோயில், தெப்பக்குளம், நாயக்கர் மகால் எல்லாத்தையும் எடுத்தாரு. பிலிமெல்லாம் அப்ப ஏது, மெழுகு பூசின காகிதந்தேன் நெகட்டிவ். அந்தக் காலத்து மருந்துக்கு நீல நெறம் அளவுக்கு மீறி உறைக்கும். கட்டடத்துக்குத் தோதா வெளிச்சம் விட்டா வானம் வெறிச்சுனு வெள்ளையா நின்னுரும். டிரைப் என்ன பண்ணுவாருங்கிற? நெகட்டிவ்ல சாயத்தைத் தொட்டு மேகத்தைத் தானே வரைஞ்சு வச்சுருவாரு. கேப்டனே களவாணித்தனம் பண்ணியிருக்காரு! உன் போன்ல இருக்குற பில்டரைப் பாத்துப் பெரிசா ஆச்சரியப்பட என்ன இருக்கு? ஒரே வித்தியாசம், அவருக்கு வரையத் தெரிஞ்சிருந்துச்சு.

வெள்ளைன்னதும் ஞாபகம் வருது, நீ இலவம்பஞ்சை எடுக்காமப் போனா இந்த ஊருக்கு வந்ததே வீணு. ஏலக்காயைச் சொல்ற அளவுக்கு எவனும் இதைச் சொல்றதில்லை. பங்குனி சித்திரையில மரத்துல காய் வெடிக்கும். எலையெல்லாம் கொட்டி மொட்டையா நிக்கிற மரத்துல பஞ்சு மட்டும் தொங்கும். காயைப் பறிச்சு, உடைச்சு, கொட்டையைப் பிரிச்சு, மெத்தைக்கும் தலகாணிக்கும் அடைக்கிற வேலை நம்ம ஊர்ல தலைமுறையா நடக்குது. பஞ்சுக் கிட்டங்கிக்குள்ள சாயங்காலம் நாலு மணிக்குப் போ. மேக்குப் பாத்த சன்னல் வழியா வெயிலு சாஞ்சு உள்ள வரும். நீ வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நிக்கணும், சன்னலைப் பாத்து. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்னா உனக்குத் தெரியுறது வெறும் பஞ்சுக் குவியல். எதிர்த்து நின்னா, காத்துல மெதக்குற ஒவ்வொரு இழையும் பத்திக்கிட்டு எரியுறாப்புல தெரியும். அதுக்குள்ள மூக்கையும் வாயையும் துணியால கட்டிக்கிட்டு ஆளுக வேலை பாக்குறாக. அழகா இருக்குல்ல? அந்த அழகுதேன் அவுகளுக்கு இருமலு. ரெண்டும் ஒரே படத்துல விழணும். விழ வைக்கத் தெரிஞ்சா நீ போட்டோக்காரன், இல்லைன்னா கல்யாண மண்டபத்துக்குப் போ, அங்க சோறாவது நல்லாருக்கும்.

ஸ்டுடியோ ரகசியம் ஒண்ணு. கேமரா ஒரு மக்கு. எம்புட்டு வெள்ளையைக் காட்டுனாலும் அதைச் சாம்பலாக்கித்தேன் பாக்கும். பஞ்சுக் குவியலை அது போக்குல விட்டு எடுத்தா அழுக்கு மூட்டை கணக்கா விழும். ஒரு படி, ஒண்ணரைப் படி வெளிச்சத்தைக் கூட்டி வச்சு எடு. கருங்கல் பாறைக்கு இதுக்குத் தலைகீழ், கொறைக்கணும். அப்புறம், கிட்டங்கிக்குள்ள சூடு பறக்குற லைட்டை எல்லாம் கொண்டுபோயிராத. பஞ்சு பிடிச்சா ஒரு நிமிசந்தேன். பீடிக்கட்டைக் கண்டாலே வெளிய பத்துறவுக, உன்னை மட்டும் உள்ள விடுவாகளா?

மலையே வேணும்னு அடம்பிடிச்சா, ஏலத்தோட்டத்துக்குள்ள அனுமதி வாங்கிட்டுப் போ. ஆனா அண்ணாந்து பாக்காத. ஏலம் பூக்குறது தட்டையோட அடியில, தரையோட தரையா ஓடுற சரத்துல. கோடையிலதேன் பூ தொடங்கும். வெள்ளைப் பூ, நடு இதழ்ல ஊதாக் கோடு. நீ ஆறாயிரம் ரூவாப் பேண்ட்டோட மண்ணுல குப்புறப் படுத்தாத்தேன் தெரியும். படு. தேனீ வரும், அசையாத. அது உன்னைப் பாக்க வரலை.

பொழுது விழுறதைப் போடியில எடுக்கலாம்னு நெனைச்சா ஏமாந்துருவ. மலை நமக்கு மேக்க சுவரு கட்டி நிக்குது. காலண்டர்ல போட்டிருக்குற நேரத்துக்கு முன்னாடியே பொழுது அதுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கும். அதனால மலை மடிப்பு வேணும்னா காலையில எடு, வெயிலு நேரா அடிக்கும். சாயங்காலம் மலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நில்லு. பரமசிவன் மலைக்கோயில் படியில ஏறி ஊரைப் பாரு. மலை நெழலு ஊருக்கு மேல ஊர்ந்து கிழக்க போறதைப் பாக்கலாம். நம்ம தெரு இருட்டிருக்கும், தேனிப் பக்கம் இன்னும் மஞ்ச வெயிலடிக்கும். நெழலு கடக்குறப்ப ஒவ்வொரு வீட்டுலயும் லைட்டுப் போடுவாக. சித்திரையில அங்க திருவிழாக் கூட்டம் இருக்கும், செருப்பைப் பத்திரமாப் பாத்துக்க. படம் போனாத் திரும்ப எடுக்கலாம்.

ராத்திரிக்கு ட்ரைபாட் தூக்கு. இதுவரைக்கும் நீ கேமராவைக் கோழி பிடிக்கிறவன் மாதிரி ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டுத் திரிஞ்ச, இனி கையை எடு. பஸ் ஸ்டாண்டு முன்னால பத்து வினாடி தொறந்து வச்சா, ஓடுற வண்டியெல்லாம் மறைஞ்சு சிவப்புக் கோடா நிக்கும். நகராத ஆளு மட்டும் ஆளா விழுவான். 1838ல டாகேருன்னு ஒருத்தரு பாரிசு நகரத்துத் தெருவை இப்பிடித்தேன் எடுத்தாரு. வண்டியும் கூட்டமுமா இருந்த தெரு, படத்துல காலியா இருக்கு. பூட்ஸுக்குப் பாலிஷ் போட ஒரே எடத்துல நின்ன ஆளு மட்டும் விழுந்துட்டாரு. நம்ம ஊர்ல அப்பிடி நிக்கிறது யாருன்னு பாரு. பரோட்டாக் கல்லுக்காரனா, ராத்திரிச் சவாரிக்குக் காத்துக்கெடக்குற ஆட்டோக்காரனா, இல்ல கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட உன் மாமனா.

நிலாவை எடுக்குறதுன்னா ராத்திரின்னு நெனைக்காத. நிலா மேல விழுறது பொழுதோட வெளிச்சம், அங்க பகல். பகலுக்கு வைக்கிற கணக்கைத்தேன் அதுக்கும் வைக்கணும். இருட்டுன்னு தொறந்து வச்சா வெள்ளை வடைதேன் வரும். இப்ப சில போன்ல நிலா மேல இருக்குற கறையைக்கூட அதுவே சேத்துக் கொடுக்குதாம். டிரைப் கேப்டன் ஆவி உள்ள பூந்திருக்கும்போல.

போடிமெட்டு ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி வண்டி ஏறுறப்ப கீழ இருந்து பாத்தா வெளிச்சம் வரும், மறையும், திரும்ப மேல வரும். அதை நீளமாத் தொறந்து எடு, தாராளமா. ஆனா அதே மலையில கோடையில இன்னொரு செவப்புக் கோடும் தெரியும். அது தீ. கீழ நின்னு பாக்க லட்சணமாத்தேன் இருக்கும், அதுதேன் அதுல கெட்டது. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில தீ பிடிச்சப்ப, மலையேற வந்திருந்த புள்ளைக மாட்டிக்கிச்சு. 23 உசுரு. அதுக்குப் பெறகுதேன் அனுமதி, கட்டுப்பாடெல்லாம் இறுகுச்சு. தீக்காலத்துல வனத்துறை போகாதேன்னா போகாத, குறுக்குப் பாதை தெரியும்னு எவனாவது சொன்னா அவனோட பேச்சையே விட்டுரு. மலையில தீயைப் பாத்தா மொதல்ல போனைப் போடு, பெறகு கேமராவைத் தூக்கு.

யானையும் அப்பிடித்தேன். சின்னக்கானல் பக்கம் திரிஞ்ச அரிக்கொம்பனைப் பிடிச்சுப் பெரியாறு காட்டுல விட்டாய்ங்க, அது 2023 மே 27ல கம்பம் ஊருக்குள்ள எறங்கிருச்சு. தெனம் பாக்குற தெரு, நடுவுல யானை! ஊரே வீடியோ எடுத்துச்சு. ஒருத்தன் ட்ரோனைப் பறக்கவிட்டு, யானை மெரண்டு ஓடி, அவனைப் போலீசு பிடிச்சது. படம் கெடைக்காட்டி நாளைக்கு எடுக்கலாம், யானை உன்னைப் பாத்துட்டா நாளைக்குங்கிற கணக்கே கிடையாது.

வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறேன், ராத்திரிதேன் போகணும். அக்னிச்சட்டி எடுத்து வர்றவுக மொகத்துல தீ வெளிச்சம் கீழ இருந்து அடிக்கும், பின்னால ராட்டினத்துப் பல்பு சுத்தும். குறுக்க விழுந்து எடுக்காத. ஓரமா நின்னு எடு. சாமி வந்தவுகளுக்கு நீ பிரஸ்ஸுன்னு தெரியாது.

அப்புறம் எண்ணிக்கை. என் காலத்துல ஒரு ரோலுக்கு 36 படம். கல்யாண வீட்டுல தாலிக்கு மூணு, பந்திக்கு ரெண்டு, கோவிச்சுக்கிட்டுப் போன மாமனைக் கூப்பிட்டு வந்து நிறுத்தி ஒண்ணு, அம்புட்டுத்தேன். நீ ஒரு சாயங்காலத்துலயே ஆயிரம் எடுத்துட்டு, எதையும் பாக்காம அடுத்த நாள் வேற ஆயிரத்துக்குக் கெளம்பிருவ. நான் ஒரு வழி சொல்றேன். நம்ம தெருமுக்கு டீக்கடையை மட்டும் எடுத்துக்க. விடியக்காலை, உச்சி, பொழுதடைய, நடுராத்திரி, ஒரே எடத்துல நின்னு எடு. கடை ஒண்ணுதேன், வந்து உக்காருறவன் வேற வேற. காலையில கூலிக்காரன், மத்தியானம் தரகன், சாயங்காலம் ரிட்டையர்டு வாத்தியாரு, ராத்திரி லாரிக்காரன். ஒருத்தனுக்கு ஒருத்தன் மொகம் தெரியாது. உன் படத்துலதேன் எல்லாரும் ஒரே பெஞ்சில உக்காருவாய்ங்க.

எடுத்ததை வாட்ஸப்புல தள்ளிவிட்டுட்டு, "அனுப்பிட்டேன் தாத்தா"ன்னு சொல்லாத. காயிதத்துல போட்டு எடுத்துக்கிட்டு வா. டீக்கடைக்கு ஒண்ணு, சட்டை போட்ட அக்காவுக்கு ஒண்ணு, பஞ்சுக் கிட்டங்கிக்கு ஒண்ணு. படத்தைக் கையில கொடுத்தாத்தேன் அடுத்த வருசம் உள்ள விடுவாக. எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடு. மாலை போட்டு மாட்டுறதுக்கு இல்லடா, அதுக்கு இன்னும் நாளு கெடக்கு. ஆதார் கார்டுல இருக்குற என் மூஞ்சியைப் பாத்துட்டு பேங்குல, "இது நீங்கதானா?"ன்னு கேக்குறாய்ங்க. சட்டையை இஸ்திரி போட்டுட்டு வர்றேன், இரு. எடது பக்கமா நின்னு எடு, வலது பக்கம் பல்லு இல்லை.